பிடிமானம்

மோட்டார் சைக்கிளில் தேய்வதற்கென்றே சில பாகங்கள் இருக்கின்றன. டயர், பிரேக் ஷூ, செயின், கிளட்ச் பிளேட். டயர் வழுக்கையானால் தெருவில் போகிறவரே கூப்பிட்டுச் சொல்வார். செயின் தளர்ந்தால் சத்தம் போட்டு ஊரைக் கூட்டும். கிளட்ச் மட்டும் மூடிய உறைக்குள், எண்ணெயில் முங்கிக் கிடந்து, யார் கண்ணிலும் படாமல் தேய்கிறது. மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் இரைச்சல் கூடுகிறது, வேகம் கூடவில்லை. அந்த இடத்தில்தான் அது தன் நிலையைத் தெரிவிக்கிறது. அதற்குள் அநேகமாகக் காரியம் முடிந்திருக்கும்.

அதை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம் என்பவர்கள் உண்டு. ஸ்பெஷல் டூல் இல்லாமல் கை வைக்காதே என்பவர்களும் உண்டு. இரு தரப்பிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வேலையின் சிரமம் எதில் இருக்கிறது என்பதை இருவருமே தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கிளட்ச்சுக்குள் இருப்பது எளிய ஏற்பாடு. இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஒரு கூடை. மெக்கானிக்குகள் அவுட்டர் என்பார்கள். அதற்குள் கியர்பாக்ஸின் தண்டோடு சேர்ந்து சுழலும் சென்டர். இரண்டுக்கும் நடுவே வட்டத் தகடுகள், ஒன்றுவிட்டு ஒன்றாக. உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டுகளின் காதுகள் கூடையின் பள்ளங்களில் மாட்டியிருக்கும். வெறும் ஸ்டீல் பிளேட்டுகளின் பற்கள் சென்டரைக் கவ்வியிருக்கும். ஸ்பிரிங்குகள் பிரஷர் பிளேட் என்ற தகட்டால் இந்த அடுக்கை நெருக்கும்போது கூடையும் சென்டரும் ஒன்றாகச் சுழலும். இடது கை லீவரை இழுத்தால் நெருக்கம் விலகி, கூடை தன் போக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். சென்டர் சும்மா நிற்கும்.

முழுதாகப் பிடித்திருக்கும்போது பிளேட் தேய்வதில்லை, முழுதாக விட்டிருக்கும்போதும் பெரிதாகத் தேய்வதில்லை. தேய்மானமெல்லாம் இரண்டுக்கும் நடுவில். சிக்னலில், கடைத்தெருவில், பஸ்ஸுக்குப் பின்னால் ஹாஃப் கிளட்ச்சில் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சூடாகின்றன. அந்தச் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்கிறது, உதிரும் துகளையும் வாங்கிக்கொண்டு கருக்கிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைவிடச் சென்னையின் ஒரு சாதாரண மாலை நேரம் கிளட்ச்சை அதிகம் வருத்தும் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான்.

*

இப்போது ஸ்பெஷல் டூலுக்கு வருவோம். கம்பெனியின் சர்வீஸ் மேனுவலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஒரு பட்டியல் இருக்கும். கிளட்ச் அத்தியாயத்தில் முக்கியமாக இரண்டு வரும். ஒன்று சென்டர் சுழலாமல் பிடிக்கும் கருவி. இன்னொன்று சென்டரைத் தண்டில் இறுக்கும், நாலு பள்ளம் வெட்டிய வட்டமான நடு நட்டைக் கழற்றுவதற்கான நாலு பல் சாக்கெட். எல்லா வண்டிக்கும் இவை வேண்டியதில்லை. பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் பிரஷர் பிளேட் வெளிப்பக்கம் இருக்கிறது. ஸ்பிரிங் திருகுகளைக் கழற்றினால் பிளேட்டுகள் கையோடு வந்துவிடும். ஹோண்டா வழிவந்த நூறு சிசி இன்ஜின்கள் பலவற்றில் பிரஷர் பிளேட் உள்பக்கம். அங்கே நடு நட்டைக் கழற்றாமல் ஒரு பிளேட்டும் வெளியே வராது. ‘வீட்டில் செய்யலாமா’ என்ற கேள்விக்குப் பாதி விடை உங்கள் வண்டியில் பிரஷர் பிளேட் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் முடிந்துவிடுகிறது.

அந்த நடு நட்டில் ஸ்பேனரை வைத்துத் திருப்பினால் என்ன நடக்கும்? நட்டோடு சேர்ந்து சென்டர் திரும்பும், தண்டு திரும்பும், கியர் திரும்பும். பலம் எவ்வளவு போட்டாலும் நட்டு அதே இடத்தில் இருக்கும். ஆகவே இங்கே கடினமான வேலை திருப்புவது அல்ல, திருப்பும்போது மற்றதெல்லாம் திரும்பாமல் நிறுத்துவது. ஸ்பெஷல் டூல் என்று பெரிய பெயர் வைத்திருப்பதில் பெரும்பகுதி இப்படிப் பிடித்து நிறுத்தும் கருவிகள்தான்.

இது புரிந்ததும் வண்டிக்குள்ளேயே விடை இருப்பது தெரியும். சென்டர் கியர்பாக்ஸின் தண்டோடு பிணைந்தது. தண்டு கியர் வழியாகவும் செயின் வழியாகவும் பின்சக்கரத்தோடு பிணைந்தது. வண்டியை டாப் கியரில் போட்டுப் பின் பிரேக்கை அழுத்தினால் சென்டர் நின்றுவிடும். ஏன் டாப் கியர்? முதல் கியரில் தண்டின் முறுக்கு பல மடங்காகப் பெருகிப் பின்சக்கரத்துக்குப் போகும், பிரேக் அத்தனையையும் தாங்க வேண்டியிருக்கும். டாப் கியரில் அந்தப் பெருக்கம் குறைவு, பிரேக்கின் பாடும் குறைவு. பல்சக்கரக் கணக்கு தெரியாமலேயே மெக்கானிக் டாப் கியரில் போடுவார். கேட்டால், “அதுலதான் சார் நல்லா புடிக்கும்” என்பார்.

நாலு பல் சாக்கெட்டுக்கும் வழி உண்டு. சரியான விட்டமுள்ள இரும்புக் குழாயையோ பழைய பாக்ஸ் ஸ்பேனரையோ எடுத்து, ஹாக்ஸா பிளேடால் அறுத்து, அரத்தால் ராவினால் நாலு பல் வந்துவிடும். வெஸ்பா, பஜாஜ் ஸ்கூட்டர் காலத்தில் கிளட்ச்சின் ஸ்பிரிங்குகளை அழுத்திப் பிடிக்க நீளமான போல்ட் ஒன்றும் பெரிய வாஷர் இரண்டும் போதுமாக இருந்தன. போல்ட்டை நடுவில் நுழைத்து நட்டை இறுக்கினால் கிளட்ச் சுருங்கும், மேலே இருக்கும் வளையத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்கலாம். கம்பெனிக் கருவியைப் பார்க்காதவர்கள் கண்டுபிடித்தது இது. ஆனால் கம்பெனிக் கருவி எந்தக் கேள்விக்கு விடையோ அந்தக் கேள்வியை அவர்கள் சரியாகப் பிடித்திருந்தார்கள்.

*

வழியெல்லாம் ஒரே தரமானவை என்று சொல்லிவிட முடியாது. அதே நட்டை உளியும் சுத்தியலும் வைத்து ஓரத்தில் தட்டிக் கழற்றுவதும் நம் ஊரில் வழக்கம்தான். நட்டு கழன்றுவிடும், மறுக்கவில்லை. ஆனால் பள்ளத்தின் விளிம்பு நசுங்கும். நசுங்கிய இடத்திலிருந்து இரும்புச் சிலும்பு எண்ணெயில் விழும். அடித்த அடி நட்டோடு நிற்காமல் தண்டைத் தாங்கும் பேரிங் வரைக்கும் போகும். அடுத்த முறை கழற்றுகிறவர் இன்னும் ஓங்கி அடிக்க வேண்டியிருக்கும். குழாயில் பல் வெட்டியவரும் உளியால் தட்டியவரும் இருவருமே ஸ்பெஷல் டூல் இல்லாமல்தான் வேலை செய்தார்கள். முன்னவர் கருவியின் வேலையைப் புரிந்துகொண்டு வேறொன்றால் செய்தார். பின்னவர் அந்த வேலையைச் செய்யாமலேயே பலனை மட்டும் பிடுங்கினார்.

ராபர்ட் பிர்ஸிக் 1974இல் வெளியிட்ட, ஜென்னையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் தலைப்பிலேயே சேர்த்த நூலில் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு சம்பவம் இருக்கிறது. நண்பரின் பிஎம்டபிள்யூ வண்டியில் ஹேண்டில்பார் தளர்கிறது. பீர் டப்பாவின் தகட்டை வெட்டி இடைவெளியில் செருகினால் போதும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு முகம் மாறிவிடுகிறது: விலையுயர்ந்த ஜெர்மன் வண்டியில் பீர் டப்பாவா? அலுமினியத் தகட்டின் மென்மையும் தடிமனும் அந்த இடத்துக்கு மிகப் பொருத்தம் என்பது அவருக்கு ஏறவில்லை.

அமெரிக்காவில் நடந்த இந்த வாக்குவாதம் நம் ஊரில் தலைகீழாகத்தான் நடக்கும். பீர் டப்பாவை இங்கே யாரும் மறுக்க மாட்டார்கள். எந்த இடுக்கிலும் எந்தத் தகட்டையும் செருகிவிட்டு ‘ஓடும் சார்’ என்று சொல்லி அனுப்புவதுதான் நம் நோய். அவருடைய நண்பர் பொருளின் பெயரைப் பார்த்தார், குணத்தைப் பார்க்கவில்லை. நாமும் குணத்தைப் பார்ப்பதில்லை; கைக்கு அகப்பட்டதே தகுதி என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தத் திறமையைப் பாராட்டி எழுதும் கட்டுரைகள் நம்மிடம் நிறைய உண்டு. நசுங்கிய நட்டை அவற்றில் எதிலும் நான் பார்த்ததில்லை.

அதே நூலில், பக்க மூடியில் இறுகிப்போன ஒரே ஒரு ஸ்க்ரூ முழு வண்டியையும் பயனற்றதாக்கிவிடுவதைப் பற்றியும் நீளமான யோசனை வரும். பழைய ஜப்பானிய வழி வண்டிகளின் கிளட்ச் கவரைத் திறந்தவர்களுக்கு அது யோசனையாக இருக்காது, வயிற்றெரிச்சலாக இருக்கும். ஜப்பானிய அளவு ஸ்டார் ஸ்க்ரூவும் பிலிப்ஸ் ஸ்க்ரூவும் பார்வைக்கு ஒன்றுதான். பள்ளத்தின் வடிவம் கொஞ்சம் வேறு. பிலிப்ஸ் டிரைவரை அதில் வைத்துத் திருப்பினால் நுனி மேலே ஏறி வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். இதற்கான இம்பாக்ட் டிரைவர், சுத்தியலால் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் நுனியை உள்ளே அழுத்தி அதே நேரத்தில் திருப்பும். அது இல்லாதவர் சரியான அளவு டிரைவரை நிமிர்த்தி வைத்து, அதன் தலையில் முதலில் நாலு தட்டு தட்டி, பிறகு உடம்பின் எடையை அதன்மேல் சாய்த்துக்கொண்டு, கம்பியில் ஸ்பேனர் மாட்டித் திருப்புகிறார். இங்கேயும் பிடிப்பு முதலில், திருப்புவது பிறகு.

*

கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்தால் மாட்டிவிடலாம் என்று மேனுவல்கள் எழுதும். பாதி உண்மை. கழற்றும்போது எந்தப் பிளேட் முதலில் வந்தது, எந்தப் பக்கம் வெளியே பார்த்தது என்று யாரும் கேட்பதில்லை. அது பாட்டுக்கு வந்துவிடும். மாட்டும்போது கேட்கும். ஸ்டீல் பிளேட்டை அச்சில் வெட்டியதால் ஒரு விளிம்பு கூராகவும் மறு விளிம்பு மழுங்கியும் இருக்கும். எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் கடைசிப் பிளேட்டின் காதுகள் மட்டும் கூடையின் வேறு பள்ளத்தில் உட்காரும். இன்ஜினுக்கும் கவருக்கும் நடுவே இருக்கும் சின்ன டவல் பின்கள் பேக்கிங்கோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போவதும் உண்டு. வாசலில் நேற்றைய செய்தித்தாளை விரித்து, கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

அளக்கும் கருவிகளுக்கும் மாற்று இருக்கிறது. ஸ்டீல் பிளேட் நெளிந்திருக்கிறதா என்று பார்க்க ஜன்னல் கண்ணாடித் துண்டின்மேல் வைக்கலாம். பல வண்டிகளுக்கு நெளிவின் எல்லை 0.2 மில்லிமீட்டர். நாம் அச்செடுக்கும் 80 ஜிஎஸ்எம் தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். கண்ணாடிக்கும் பிளேட்டுக்கும் நடுவே இரண்டு தாள் சேர்ந்தாற்போல் நுழைந்தால் அந்தப் பிளேட் ஆகாது. நீலம் பாய்ந்த பிளேட்டையும் ஒதுக்கிவிடலாம், சூட்டில் வெந்தது அது. ஸ்பிரிங்கைப் புது ஸ்பிரிங்கின் பக்கத்தில் நிற்க வைத்தால் குட்டையாகிப் போனது கண்ணுக்கே தெரியும்.

டார்க் ரெஞ்ச் இல்லையே என்றால் அதற்கும் கணக்கு உண்டு. ஸ்பிரிங்கைப் பிடிக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 12 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். பத்து சென்டிமீட்டர் தள்ளி ஸ்பேனரின் நுனியில் சுமார் 12 கிலோ எடை தொங்கினால் வருகிற முறுக்கு அது. பழைய பேப்பர்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசை ஸ்பேனர் நுனியில் மாட்டி, நேர் செங்குத்தாக இழுத்து, முள் பன்னிரண்டைத் தொடும்போது நிறுத்தினால் முடிந்தது வேலை. தராசு கிடைக்காவிட்டால் வாளித் தண்ணீர் இருக்கிறது, லிட்டருக்கு ஒரு கிலோ; ஸ்பேனர் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும், வாளியின் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். போல்ட்டுகளை ஒரேயடியாக இறுக்காமல் எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது முக்கியம். ஒரு பக்கம் மட்டும் ஏறினால், போல்ட் ஏறும் அலுமினிய வார்ப்புத் தூண் படீரென்று உடையும். உடைந்தால் எந்த ஸ்பெஷல் டூலும் ஒட்டாது.

மீதி வேலைகளுக்குப் பொறுமை மட்டும் போதும். புதுப் பிளேட்டை இரவு முழுக்க இன்ஜின் ஆயிலில் ஊற வைத்துப் பிறகு மாட்டுவது. ஆயில் டப்பாவில், எண்ணெயில் முங்கிய கிளட்ச்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாஸோ எம்ஏ குறி இருக்கிறதா என்று பார்ப்பது; காருக்கான ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் மருந்து, புதுப் பிளேட்டையும் வழுக்க வைத்துவிடும். கடைசியாக லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு வைப்பது. இந்தத் தளர்வு இல்லாவிட்டால் ஸ்பிரிங் முழுதாக நெருக்காது, மாற்றிய பிளேட் மறுபடியும் ஹாஃப் கிளட்ச்சிலேயே வாழும்.

*

பட்டறைகளில் பிடித்து நிறுத்தும் கருவி என்று ஒன்று தனியாக இருப்பதில்லை. அங்கே ஒரு பையன் இருப்பான். “பிரேக்க மிதிடா”, “லைட்ட புடி”, “இத அசையாம புடிச்சுக்க” என்று நாள் முழுக்க அவனிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் இரும்பில் செய்து எண் போட்டு மாட்டியிருப்பது, தெருப் பட்டறையில் எடுபிடிப் பையனின் கையும் காலும். திருப்புகிறவருக்கு மெக்கானிக் என்று பேர். பிடிக்கிறவனுக்குப் பேர் இல்லை. ஆனால் பிடிக்கிறவன்தான் எந்தப் பக்கம் விசை வருகிறது, எங்கே தாங்குகிறது, எப்போது விடுகிறது என்பதையெல்லாம் உள்ளங்கையில் உணர்கிறான். சில வருடங்களில் அவனே திருப்பத் தொடங்கும்போது யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியிருப்பதில்லை. பதினான்கு வயதுக்குக் கீழ் இருப்பவர்களை வேலைக்கு வைப்பதை 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடுத்திருக்கிறது. அது மிகச் சரி. ஆனால் பிடித்துக் கற்கும் அந்தக் கல்விக்குப் பள்ளிக்கூடத்திலோ ஐடிஐயிலோ ஒரு பெயரும் மதிப்பெண்ணும் நாம் இன்னும் தரவில்லை.

கோவை ஜி. டி. நாயுடுவின் (1893–1974) கதை தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டவர். பிறகு மெக்கானிக் ஆனார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார். இந்தக் கதையை நாம் சாதனைக் கதையாகவே சொல்லி வருகிறோம். எனக்கு அதில் பிடித்த பகுதி வேறு. அவர் கையில் ஸ்பெஷல் டூலும் இல்லை, மேனுவலும் இல்லை, கேட்பதற்கு ஒரு மெக்கானிக்கும் அநேகமாக இல்லை. ஒவ்வொரு நட்டிடமும் ‘நீ எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்’ என்று அவரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்கும்.

இன்றைய வண்டியிடம் அப்படிக் கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்ததும் கார்புரேட்டர் போய்ப் பெரும்பாலான வண்டிகளில் ஃபியூவல் இன்ஜெக்ஷன் வந்தது. புகை குறைந்தது, நல்லதே. கூடவே, பழுது என்ன என்று அறிவதற்கே ஸ்கேனர் தேவைப்படும் நிலையும் வந்தது. ஸ்கேனரின் வேலையைக் குழாயை அறுத்துச் செய்ய முடியாது. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றோடு வாகனங்களையும் சேர்த்தது இந்தப் பின்னணியில்தான். டிவிஎஸ் வண்டிகள் பிறக்கும் ஓசூரில் இப்போது ஏதரின் மின் ஸ்கூட்டர்களும் தயாராகின்றன, அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் ஓலாவினுடையவை. அவற்றில் கிளட்ச்சே கிடையாது. பிடிப்பதும் விடுவதும் மின்சாரத்தின் பாடு. ஆகவே கிளட்ச், நம் கைக்கு எட்டும் கடைசி உறுப்புகளில் ஒன்று.

இதைச் சொல்வதால் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு உட்கார வேண்டும் என்பதில்லை. வீட்டில் ஒரு முறை கிளட்ச் மாற்றியவர் அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார். தினமும் மாற்றுகிறவரிடம் நாம் கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். இந்த முரண் என் கண்ணிலும் படுகிறது. வீட்டில் செய்து பார்ப்பதால் மிச்சமாகும் பணம் சொற்பம். அந்தக் கூலி எதற்கு என்று தெரிவதுதான் லாபம்.

ஆகவே வாசகருக்குச் சொல்ல ஒன்றே ஒன்று உண்டு. உங்கள் வண்டியில் பிரஷர் பிளேட் வெளிப்பக்கம் இருந்தால் தயங்காமல் நீங்களே மாற்றுங்கள். நடு நட்டைக் கழற்ற வேண்டியிருந்தால், எதைப் பிடித்து நிறுத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் கை வையுங்கள். முடியாவிட்டால் தெரு முனை மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள், அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பிரேக்கை மிதித்துக்கொள்ளுங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள்.